இருபது வோல்ட் பொம்மையும் ஒரு மஞ்சள் பாவும்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் ஆரணியிலிருந்து படவேடு வரைக்கும், இந்தப் பக்கம் தேவிகாபுரம் வரைக்கும், எந்தக் கிணற்றில் வேண்டுமானாலும் எட்டிப் பாருங்கள். நான் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிய மோட்டாரோ, நான் விற்ற மோட்டாரோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்தால் போதும், உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். காலேஜ் படித்தவர்கள் மீட்டரை வைத்துத் தேடிக்கொண்டிருப்பார்கள், நான் டீ குடித்து முடித்திருப்பேன். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். பெருமைதான். உழைத்துச் சம்பாதித்த பெருமை.

அப்படிப்பட்ட நான், ஒரு காலை நேரத்தில் சேவூர் தெருவில், காற்று ஊதுகிற மிஷின் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். தெருவே பார்த்தது. போன வாரம் நான் கடைப் பக்கம் வந்தபோது உங்களில் ஒருவர் ஒரு வாடிக்கையாளரிடம், "சார், அது வெறும் இருபது வோல்ட், இது எண்ணூறு வாட்ஸ், இதையே எடுத்துகினு போங்க" என்று சொன்னது காதில் விழுந்தது. அன்றைக்கு நான் செய்த தப்பு அதுவேதான். அதனால்தான் எழுதுகிறேன்.

இலை தூசு ஊதும் மிஷின் நம் ஊருக்கு வந்தபோது ரைஸ் மில்காரர்கள் வாங்கினார்கள், கல்யாண மண்டபத்துக்காரர்கள் வாங்கினார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை எச்.பி?" பம்புசெட் வாங்கிப் பழகிய ஊர். பெரிய எண் என்றால் பெரிய வேலை. நானும் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவன்தான். எண் பெரியதாக இருக்கிற பெட்டியை முன்னால் அடுக்குவேன். சிறியதைப் பின்னால் தள்ளுவேன். கடைசித் தட்டில் ஒரு பச்சைப் பெட்டி இருந்தது. பேட்டரியில் ஓடுகிற மிஷின், மேலே இருபது வோல்ட் என்று போட்டிருக்கும். யாராவது கேட்டால், "அது பொம்மைங்க, கொழந்தைங்க பொறந்த நாளுக்கு பலூன் ஊதலாம்" என்பேன். சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பெட்டி மேல் என் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொள்வேன், அவ்வளவுதான் அதன் உபயோகம்.

சேகரும் அவர் மனைவி மல்லிகாவும் கடைக்கு வந்தது அந்தக் காலத்தில்தான். சேவூரில் வீட்டோடு தறி வைத்திருப்பவர்கள். நெசவு வீட்டுப் பிள்ளைகள் அடுத்த நாலு வரியைத் தாண்டிவிடலாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சேலைக்கு நீளவாக்கில் ஓடுகிற இழைகளின் மொத்தக் கட்டுதான் பாவு. ஆயிரக்கணக்கான பட்டு இழைகள். அதை விடியற்காலையில் தெருவோடு நீளமாக, இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டுவார்கள். கஞ்சித் தண்ணீர் தெளிப்பார்கள். பெரிய பிரஷ் வைத்து நீவி, இழைக்கு இழை ஒட்டாமல் காயவைத்துச் சுருட்டினால்தான் தறியில் ஏறும்.

அவர்கள் வீட்டுக்கு எதிரில் ஒரு புங்கமரம். இலை கொட்டிக்கொண்டே இருக்கும். துடைப்பத்தால் பெருக்கித்தான் பாவு இழுப்பார்கள். ஒருமுறை துடைப்பக் குச்சி ஒன்று ஈரப் பாவில் விழுந்ததைக் கவனிக்காமல் பிரஷ் போட்டுவிட்டார்கள். கொத்தாக இழை அறுந்து, சேலையில் கோடு விழுந்துவிட்டது. பாவு கொடுக்கிற பட்டு முதலாளி சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னொன்னு இப்படி வந்தா உனக்கு அடுத்த பாவு கெடையாது சேகரு" என்று சொல்லிவிட்டாராம். பாவு இல்லாவிட்டால் தறியை மூடிவிட்டு, சேகர் சென்னைப் பக்கம் ஏதாவது கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். அதனால்தான் துடைப்பமே வேண்டாம் என்று மிஷின் வாங்க வந்தார்கள்.

"எத்தனை எச்.பி. ண்ணா?" என்றார் சேகர்.

முதுகில் மாட்டிக்கொள்கிற பெட்ரோல் மிஷினை எடுத்தேன். அறுபது சிசி. கடை வாசலில் ஸ்டார்ட் செய்து ஒரு திருகு திருகினேன். எதிர் டீக்கடையின் வெற்றுச் சாக்கு எழுந்து பஸ் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. கூட்டம் கூடிவிட்டது. எனக்கு அது போதாதா!

"இருபது அடி தள்ளி நின்னு ஊது சேகரு. தெருவே கண்ணாடி ஆயிடும்."

மல்லிகா மட்டும் சிரிக்கவில்லை. "ண்ணா, இதைக் கொஞ்சமா, மெத்துனு ஊத வெக்க முடியுமா?"

"ஏம்மா, யானையைக் கூட்டிகினு வந்து எலி மாதிரி நடன்னா நடக்குமா?" என்றேன். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. அவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள்.

கிளம்பும்போது மல்லிகா கல்லாவுக்கு மேலிருந்த போர்டைப் படித்தார். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.' அந்தப் போர்டு எனக்குக் கல்வெட்டு மாதிரி. அதற்கு அவசியமே வந்ததில்லை என்று எல்லோரிடமும் சொல்வேன். அத்தனை வருஷத்தில் ஒரு மிஷின்கூட என் கடைக்குத் திரும்பி வந்ததில்லை.

ஐப்பசி மாதம் அது. காலை ஆறரை இருக்கும், போன் அடித்தது.

"ண்ணா, சேவூர் மல்லிகா பேசறேன். உங்க மிஷின் எங்க பாவைத் துன்னுட்ச்சி."

"இன்னாம்மா சொல்ற?"

"வந்து பாருங்க. ஜல்தி வாங்க. மழ வேற கட்டிகினு கீது."

கடையைத் திறந்து எண்ணூறு வாட்ஸ் கரண்டு மிஷினை எடுத்து வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே போனேன்: 'ஓட்டத் தெரியாம ஓட்டினா மிஷின் இன்னா பண்ணும்?' நல்ல வாக்கியம். நான் பலரை அதைச் சொல்லியே அனுப்பியிருக்கிறேன்.

தெருவுக்குள் நுழைந்ததும் அந்த வாக்கியத்தை மறந்துவிட்டேன்.

மாம்பழ மஞ்சளில் பாவு தெரு நீளத்துக்குக் கிடந்தது. முகூர்த்தப் புடவைக்கான பாவு. மூன்று சேலை வரும். கஞ்சி ஈரத்தில் மின்னியது. அந்தக் கோடியிலிருந்து பாதிவரை சுத்தமாக இருந்தது. இந்தப் பாதியில் மண்ணும் இலைத் துணுக்கும் அள்ளித் தெளித்தது போல ஒட்டிக் கிடந்தன. சில இடங்களில் இழைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தன. சேகர் முதுகில் மிஷினை மாட்டியபடியே நின்றுகொண்டிருந்தார், கழற்ற மறந்துவிட்டவர் போல.

நடந்தது இதுதான். தெருவைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் பாவு இழுத்திருக்கிறார்கள். கஞ்சி தெளித்து முடித்ததும் மழைக்கு முன்னால் வருகிற காற்று ஒன்று அடித்து, புங்க இலை புதிதாகக் கொட்டிவிட்டது. பாவுக்கு அடியில் கிடந்ததைத் தள்ளிவிடலாம் என்று சேகர் மிஷினை எடுத்திருக்கிறார். அது அடித்த அடியில் தரை மண்ணும் இலையும் எழுந்து ஈரப் பாவில் ஒட்டிவிட்டன.

"இருபது அடி தள்ளிதாண்ணா நின்னேன்" என்றார் சேகர். "காலடி வெச்சி அளந்து நின்னேன்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவரோ நான் சொன்னபடியே செய்திருக்கிறார்.

மல்லிகா அழவில்லை. வேலை தெரிந்தவர் அவர். "ண்ணா, கேளுங்க. இது இப்படியே காஞ்சா மண்ணும் ஒட்டிக்கும், இழையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். மழ விழுந்தா கஞ்சி கரைஞ்சி மொத்தமும் போச்சி."

"பிரஷ் போடேன்."

"மண்ணு மேல பிரஷ் போட்டா மண்ணே இழையை அறுத்துடும்."

"அப்படியே சுருட்டி உள்ள எடுத்துகினு போயிட்டா?"

"ஈரத்தோட சுருட்டினா பிரிக்கவே முடியாது. காயற வரைக்கும் இழை ஆடிகினே இருக்கணும். ஆடினா மண்ணு காஞ்சி தானா உதிரும். அதுக்குக் காத்து வேணும். பாருங்க, ஒரு இலை அசையல."

அந்த ஒரு காற்று அடித்ததோடு சரி. இப்போது தெரு புழுங்கிக்கொண்டு நின்றது. மேற்கே ஜவ்வாது மலைப் பக்கம் மை பூசியது போல இருந்தது. அரை மணி நேரம் இருந்தால் அதிகம்.

எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? பாவைக் காப்பாற்றுவது இல்லை. நான் விற்ற பெட்ரோல் மிஷினையே வைத்துக் காப்பாற்றிக் காட்டுவது! "வேகத்தைக் கொறைச்சி வெச்சா இதுவே போதும்" என்று சொல்லி ஸ்டார்ட் செய்தேன். மல்லிகா என்னைத் தடுக்கவில்லை. தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து மிஷினுக்கு முன்னால் விரித்துப் பிடித்தார். அரை நிமிடம் கழித்து மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். பெட்ரோலும் ஆயிலும் கலந்த புகை நாற்றம். அங்கங்கே ஊசிமுனை அளவு கறுப்புப் புள்ளி.

"முகூர்த்தப் பொடவைண்ணா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்து எண்ணூறு வாட்ஸ். வீட்டிலிருந்து ஒயர் இழுத்தேன். "இதுல புகை கெடையாது. எண்ணூறு வாட்ஸும்மா!" என்று சத்தமாகவே சொன்னேன், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் கேட்கட்டும் என்று. மல்லிகா கழிவு நூல் முடிச்சிலிருந்து ஒற்றை மஞ்சள் இழையை உருவினார். இரண்டு கை விரல்களிலும் அதன் நுனிகளைச் சுற்றி, தொளதொளவென்று எனக்கு முன்னால் நீட்டினார்.

"மொதல்ல இதுல காட்டுங்கண்ணா."

ஸ்விட்சைப் போட்டேன். இழை விறைத்தது. 'ங்' என்று ஒரு சத்தம் கேட்டது. அறுந்தது.

வேறு இழை எடுத்தார். ஐந்து அடி பின்னால் போனேன். அப்போதும் கம்பி மாதிரி விறைத்தது. பத்து அடி போனேன், இப்போது காற்றே அதனிடம் வந்து சேரவில்லை. "கிட்ட வந்தா அறுக்குது, தள்ளிப் போனா வர்ல" என்றார் சேகர். பாவு முனையைப் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா, "இன்னா மேஸ்திரி, எண்ணூறும் போச்சா?" என்று கேட்டார். ஊசி குத்தினது போல இருந்தது.

அப்போதுதான் வேலூரில் எனக்குக் காயில் கட்டக் கற்றுக்கொடுத்தவர் நினைவுக்கு வந்தார். எண்ணைச் சொல்லி நான் பெருமையடித்தால் தலையில் குட்டுவார். "வாட்ஸுன்றது மிஷின் துன்றதுடா. அது இன்னா குடுக்குதுன்னு பாரு." எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் வாங்கிய குட்டு, சேவூர் தெருவில் அன்றைக்கு வலித்தது.

அந்த எண்ணூறு என்ன கொடுக்கிறது? வாய் குறுகல். குழாயில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்தால் தண்ணீர் தூரமாகப் பீய்ச்சும், பக்கெட் மட்டும் சீக்கிரம் நிறையாது. அது போல, வேகம் அதிகம், காற்று கொஞ்சம். எங்களுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். நிறையக் காற்று வேண்டும், வேகம் வேண்டாம். வாய் அகலமாக இருக்க வேண்டும். விரலால் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிய வேண்டும்.

அப்படி ஒரு மிஷின் என் கடையில் இருந்தது. கடைசித் தட்டில். என் தண்ணீர் பாட்டிலுக்கு அடியில்.

நாலு பேர் முன்னால் பொம்மை என்று நான் சிரித்த சாமான். மல்லிகா என் முகத்தைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் இடி ஒன்று உருண்டது. சாவியை எடுத்து சேகரிடம் நீட்டினேன்.

"கடைசித் தட்டு. பச்சைப் பொட்டி."

"பொம்மையாண்ணா?"

"பொம்மைதான். போ, ஜல்தி!"

அவர் வருவதற்குள் பெண்கள் நாலு பேர் பாவின் இரண்டு பக்கமும் நின்று இலைத் துணுக்குகளை நகத்தால் எடுத்தார்கள். மல்லிகா நடுநடுவே தண்ணீரைப் பூவாகத் தெளித்து, காய்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டார். மழை வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே தண்ணீர் தெளிக்கிற கொடுமையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சேகர் வந்தார். பெட்டியைக் கிழித்தேன். பேட்டரியில் மூன்று விளக்கு, எரிந்தது ஒன்று. விற்காத சாமானுக்கு எவன் சார்ஜ் போடுவான்?

"எவ்ளோ நேரம் ஓடும்ண்ணா?"

எத்தனையோ பேருக்கு எத்தனையோ கணக்கு யோசிக்காமல் சொன்ன வாய் இது. "முழு வேகத்துல போட்டா சீக்கிரம் படுத்துடும். கொறைச்சிப் போட்டா கொஞ்சம் தாங்கும். எவ்ளோன்னு எனக்குத் தெரியல" என்றேன்.

தெரியவில்லை என்று நான் சொன்னதும் மல்லிகா முதல் தடவையாக என்னை நம்புகிறவர் போலப் பார்த்தார். உடனே வேலையைப் பிரித்தார். "அந்தப் பாதியில மண்ணு இல்ல. அங்க பிரஷ் போட்டே காய வெச்சிடலாம், நீ போ" என்று சேகரை அனுப்பினார். "ண்ணா, இந்தப் பாதி நீங்க. அடியிலேர்ந்து மேல ஊதுங்க. மண்ணு கீழ விழணும், உள்ள போகக் கூடாது."

நான் குனிந்து விசையை மெல்ல அழுத்தினேன். மல்லிகா ஒற்றை இழையை எனக்கும் பாவுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தார். "இழை மெதக்கணும்ண்ணா. விறைக்கக் கூடாது." வேறு எதையும் நான் பார்க்கவில்லை. இழை விறைத்தால் விரலைத் தளர்த்துவேன், தொங்கினால் ஒரு மயிரளவு அழுத்துவேன். பாவு மூச்சு விடுகிறது போல மேலும் கீழும் அசைந்தது. கொஞ்ச நேரத்தில் மண் பொலபொலவென்று உதிர ஆரம்பித்தது.

பாதி தூரம் போயிருப்போம். என் புறங்கையில் ஒரு சொட்டு விழுந்தது.

"மழ! மழ விழுந்துட்ச்சி! வேகத்தைக் கூட்டுங்கண்ணா!" சேகர் அந்தக் கோடியிலிருந்து கத்தினார். தெருவே கத்தியது. என் விரல் விசையில் இருக்கிறது. அழுத்தினால் சீக்கிரம் முடியும் என்று உடம்பு சொல்கிறது. என் பழக்கம் முழுவதும் அழுத்து அழுத்து என்கிறது. அழுத்தினால் பேட்டரி பாதியில் நிற்கும், காய்கிற இழை சிக்கிக்கொள்ளும். அழுத்தாவிட்டால் மழை ஜெயிக்கலாம்.

இழையைப் பார்த்தேன். மிதந்துகொண்டிருந்தது. மல்லிகா அதைப் பிடித்திருந்த உயரம் மாறவில்லை.

"கூட்டாதீங்க" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

கூட்டவில்லை. அதே நடை, அதே காற்று. இரண்டாவது சொட்டு. மூன்றாவது. கடைசியில் இரண்டு முழம் மிச்சம் இருக்கும்போது மிஷின் இழுத்து ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. "சுருட்டுங்க!" என்று மல்லிகா சத்தம் போட்டார். அந்த இரண்டு முழத்துக்கு மட்டும் நடுவில் உலர்ந்த துணி கொடுத்து, தெருவே ஓடிச் சுருட்டி வீட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டது. வாசற்படியைத் தாண்டியதும் மழை கொட்டியது.

மல்லிகா உருட்டிய பாவின் மேல் உள்ளங்கையை வைத்தார். நான் மோட்டார் மேல் வைப்பேனே, அதே மாதிரி. அழுத்தினார், தடவினார், ஓர் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தார்.

"அறுந்ததை முடிச்சி போட்டுக்கலாம்" என்றார். பிறகு, "நெய்யலாம்."

சேகர் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மழை விட்டதும் வெளியில் நனைந்து கிடந்த பெட்ரோல் மிஷினை எடுத்து என் முதுகில் மாட்டிக்கொண்டேன். "ண்ணா, அது எங்கது" என்றார் சேகர். "இல்ல, என்னுது" என்றேன். பச்சைப் பெட்டியை அவர்களிடமே விட்டுவிட்டேன். அந்தப் பெட்ரோல் மிஷின் ஒரு கெட்ட மிஷின் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். ஒரு கல்யாண மண்டபத்துத் திடலில் இன்றைக்கும் ராஜா மாதிரி ஓடுகிறது. அங்கே ஊதிக் கெடுக்க ஒன்றும் இல்லை.

ஆகவே பிள்ளைகளே, வாட்ஸையும் வோல்ட்டையும் சிசியையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். சிசி என்ஜினின் உடம்பு, வாட்ஸ் தின்கிற சாப்பாடு, வோல்ட் பேட்டரியின் அழுத்தம். காற்று எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று பெட்டியின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கும். எனக்கு அந்த இங்கிலீஷைப் படிக்கத் தெரியாது, அதனால் இரண்டு எண்களின் இடத்தையும் மனப்பாடம் செய்து வைத்தேன். உங்களுக்குப் படிக்கத் தெரியும், படியுங்கள். எது பறக்கணும் என்று வருகிறவர்கள் தாங்களாகவே சொல்லிவிடுவார்கள். எது பறக்கக் கூடாது என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். மல்லிகா கடை வாசலில் நின்று எனக்கு அதைச் சொன்னார். நான் யானைக் கதை சொல்லிச் சிரித்தேன்.

மூன்று சேலையும் நெய்து கொடுத்து, அடுத்த பாவும் வாங்கிய பிறகு மல்லிகா ஒருநாள் கடைக்கு வந்தார், இன்னொரு பேட்டரி கேட்டு. கல்லாவுக்கு மேலே பார்த்தார். போர்டு இருந்தது. எழுத்துதான் இல்லை, வெள்ளை அடித்திருந்தேன்.

"இன்னாண்ணா, போர்டை அழிச்சிட்டீங்க? யாரு எழுதினது அது?"

"எழுதினது பெயின்டரும்மா" என்றேன். "அழிக்கறதுக்குப் படிப்பு வேணாம் பாரு. அதான் நானே பண்ணிட்டேன்."